பதினான்காம் பாடத்தில் வந்த மனிதர்

இருபத்தாறு வருஷம் நான் அமெரிக்கா பாடம் எடுத்தேன். அமெரிக்காவுக்குப் போனதில்லை. வடக்கே நான் போன அதிகபட்ச தூரம் ஹூப்ளி, அதுவும் ஒரு கல்யாணத்துக்கு.

மைசூரில் ஓர் அஞ்சல்வழிக் கல்வி நிலையத்தில் வரலாற்று விரிவுரையாளர் வேலை. எம்.ஏ. இரண்டாம் வருஷத்தில் ‘நவீன அமெரிக்கா: அரசியல், பொருளாதார மாற்றங்கள்’ என்று ஒரு தாள் இருந்தது. அதற்கு இருபது பாடங்கள். இருபதையும் எழுதியவன் நானே. சைக்ளோஸ்டைல் செய்து, பழுப்பு உறையில் போட்டு, மாநிலம் முழுவதும் தபாலில் அனுப்புவார்கள். படித்தவர்கள் பேங்க் குமாஸ்தாக்கள், ஹைஸ்கூல் டீச்சர்கள், இரண்டு சப் இன்ஸ்பெக்டர்கள், ஒரு ஜெயில் வார்டர். எம்.ஏ. முடித்தால் அவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு படி ஏறும். அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றின் மேல் அவர்களுக்கு இருந்த ஈடுபாடு அவ்வளவுதான். என்னுடையது அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றொன்றில் என் அண்ணாவுக்கு அமெரிக்காவில் வேலை போயிற்று. எங்கள் குடும்பத்தில், சொல்லப்போனால் எங்கள் அக்ரஹாரம் முழுவதிலும், அது ஏன் போயிற்று என்று சான்றிதழோடு விளக்கக்கூடிய ஒரே ஆள் நான். எனக்கு இரண்டரை வருஷம் தெரியவில்லை. தெரியாமல் இருந்தது கூடப் பெரிதில்லை. அதை நான் பாடமாக எழுதி, உறையில் போட்டு, மாநிலம் முழுவதும் அனுப்பினேன்.

அண்ணா எனக்கு ஏழு வயது மூத்தவன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். அந்தக் காலத்து ரயில்வே அப்பாக்கள் வழக்கப்படி மூத்தவனை இன்ஜினீயர் ஆக்கிவிட்டு, இளையவனை அவன் போக்கில் விட்டுவிட்டார். அண்ணா எழுபதுகளின் ஆரம்பத்தில் ஓஹையோ மாநிலத்துக்குப் போனான். எஃகு ஆலைகளுக்குப் பெரிய பெரிய உருளைகள் செய்யும் ஒரு கம்பெனியில் டிராயிங் செக்‌ஷன். கார் வாங்கினான், வீடு வாங்கினான். மன்னி வந்தாள், ஒரு பெண் பிறந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ வந்தது. நான் ஊரில் ‘அமெரிக்காக்காரரோட தம்பி’ ஆனேன். வேறு தகுதி எதுவும் சேராததால் அதையே கடைசி வரை வைத்துக்கொண்டேன். நான் அமெரிக்க வரலாறு படித்ததற்குக்கூட வேறு காரணம் கிடையாது. புத்தகங்களை அவன் கப்பல் தபாலில் அனுப்பினான், படிக்காமல் விட்டால் வீணாகிவிடும்.

அப்பா அம்மா போன பிறகும் அவன் மாதம் ஒரு நீலக் கடிதம் தமிழில் எழுதுவான். நானும் என் மனைவியும் காலைக் காபியோடு அதைப் படிப்போம். என் மனைவி கடிதம் படிக்கும் விதம் வேறு. நான் செய்தியைப் படிப்பேன். அவள் கையெழுத்தைப் பார்த்து, “இந்தத் தடவை என்னமோ அவசரமா எழுதியிருக்கார்” என்பாள். நான் அதை ஆதாரமாக ஏற்றுக்கொண்டதில்லை.

தொண்ணூற்றொன்றில் பாடங்களைத் திருத்தச் சொல்லி உத்தரவு வந்தது. என் பாடத்து அமெரிக்காவில் அப்போதும் எழுபதுகளின் பெட்ரோல் க்யூ நின்றுகொண்டிருந்தது. அதற்கப்புறம் உலகம் மாறியிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இருபத்தைந்து வருஷம் அந்த நாட்டில் ஓர் எழுதாத உடன்பாடு ஓடிக்கொண்டிருந்தது: கம்பெனி லாபம் பார்க்கும், சங்கம் கூலி கேட்டு வாங்கும், ஒருத்தர் சம்பளத்தில் ஒரு குடும்பம் வீடு கட்டிக்கொள்ளும். எழுபதுகளில் வெளிநாட்டு எஃகு வந்து இறங்கியது. எண்பதுகளில் வட்டி ஏறியது, பணக்காரர்களுக்கு வரி குறைந்தது. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அரசாங்கமே அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அதைப் பார்த்துக் கம்பெனிகளுக்கும் தைரியம் வந்தது. அண்ணா இருந்த வட்டாரத்துக்கு ‘ரஸ்ட் பெல்ட்’ என்று துருவின் பெயரையே வைத்துவிட்டார்கள். முதலில் இயந்திரத்தின் முன்னால் நின்றவர்கள் போனார்கள். தொண்ணூறு வந்ததும் மேஜையின் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் போக ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பார்க்காமலே ஒப்பிப்பேன். ஆனால் பதினான்காம் பாடம் உயிரில்லாமல் இருந்தது. அண்ணாவுக்கு எழுதினேன். “கணக்குகள் எனக்கு லைப்ரரியிலேயே கிடைக்கும். எனக்கு ஒரு மனிதர் வேண்டும். வேலை போனவராக, உன் மாதிரி படித்தவராக, உனக்குத் தெரிந்தவராக. அவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்கிறார் என்று எழுது.”

இப்படி ஒரு கடிதம், வேலை போய் ஐந்து வாரமான ஒருவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவன் பதில் எழுத இரண்டு மாதம் ஆயிற்று. பக்கத்துத் தெருவில் ஒருவர் இருப்பதாக எழுதினான். பதினெட்டு வருஷம் ஒரே கம்பெனி. ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூப்பிட்டு, மேஜையைக் காலி செய்ய ஓர் அட்டைப்பெட்டி கொடுத்தார்களாம். அவர் இப்போதும் காலை ஏழரைக்கு டை கட்டிக்கொண்டு காரில் கிளம்புகிறார். பக்கத்து ஊர் லைப்ரரியில் போய் உட்காருகிறார். மத்தியானம் காருக்குள்ளேயே வைத்து ரொட்டி சாப்பிடுகிறார். ஐந்தரைக்கு வீடு திரும்புகிறார். மனைவிக்கு மூன்றாம் மாதம்தான் தெரிந்தது, பெண்ணுக்கு இன்னும் தெரியாது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. “பிரமாதம்” என்று எழுதினேன். மேலும் விவரம் கேட்டேன். குளிர்காலத்தில் காரில் எப்படி உட்காருகிறார்? லைப்ரரியில் என்ன படிக்கிறார்? எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கையுறையைக் கழற்றாமலே ரொட்டி சாப்பிடுவதாகவும், படிப்பதெல்லாம் வேலை விளம்பரங்கள், அது முடிந்ததும் உலக வரைபடம் என்றும் எழுதினான். வரலாற்று ஆசிரியனுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சாட்சிக்கு இவ்வளவு எப்படித் தெரிந்தது என்று கேட்பது பாலபாடம். அதை நான் முதல் வருஷ மாணவர்களுக்கு இரண்டாம் பாடத்தில் எழுதியிருந்தேன்.

தொண்ணூற்றிரண்டு தேர்தலில், வளைகுடா யுத்தத்தில் ஜெயித்த ஜனாதிபதியே தோற்றுப்போனார். அண்ணாவின் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. மீதி முழுக்க அந்தத் தெருக்காரர்: “அவர் தன் சொந்த ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கிறார். அங்கே அவருக்கு மனுஷாள் இருக்கிறார்கள். ஆனால் இத்தனை வருஷம் கழித்து என்ன நினைப்பார்களோ என்று தயக்கம். நீ சரித்திரம் படித்தவன். உனக்கு என்ன தோன்றுகிறது, எழுது.”

நான் எழுதினேன், இரண்டு பக்கம். அமெரிக்க வரலாற்றில் வேலை தேடுகிறவர்கள் முன்னால்தான் போவார்கள், பின்னால் திரும்புவதில்லை என்றேன். உழைப்பாளியின் இடப்பெயர்ச்சி பற்றி ஒரு பத்தி. திரும்புவது தோல்வியை ஒப்புக்கொள்வது போல, ஊரில் மதிப்பு இருக்காது என்று ஒரு பத்தி. சங்கம் இல்லாத தெற்கு மாநிலங்களுக்குத்தான் தொழிற்சாலைகள் போகின்றன, அவரும் அங்கே போவதே உசிதம் என்று முடித்தேன். அவருக்கு என் நன்றியைத் தெரிவிக்கச் சொன்னேன்.

அதற்கு அண்ணா, “உன் கருத்தை அவரிடம் சொன்னேன். யோசிக்க வேண்டிய விஷயம் என்றார்” என்று எழுதியிருந்தான். அப்புறம் அந்தத் தெருக்காரரைப் பற்றி எதுவும் வரவில்லை. பாடத்துக்கு ஒரு முடிவு வேண்டுமே. “இத்தகையோர் படிப்படியாகத் தெற்கு மாநிலங்களில் குடியேறிப் புது வாழ்வு தொடங்கினர்” என்று நானே எழுதி முடித்தேன். ஆதாரம் கிடையாது. அச்சில் பார்த்தபோது உண்மை போலத்தான் இருந்தது.

பதினான்காம் பாடம் பிரபலமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நேர்முக வகுப்பு நடக்கும். ஆறு மணி நேர பஸ்ஸில் வந்த களைப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். டை கட்டிய மனிதர் வந்ததும் விழித்துக்கொள்வார்கள். நான் அவரை நடித்தே காட்டுவேன். கையுறையோடு ரொட்டியைப் பிடிக்கும் இடத்தில் நன்றாகச் சிரிப்பார்கள். எனக்கும் வாழ்க்கையில் ஒரு இடத்திலாவது கைதட்டல் வேண்டாமா?

தொண்ணூற்று நாலில், சங்கராந்தி கழிந்த வாரம் அண்ணா வந்தான். தனியாக வந்தான். “லீவு சேர்ந்துபோச்சு, மூணு வாரம் இருப்பேன்” என்றான். இளைத்திருந்தான். என் மனைவி எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்த சங்கராந்தி எள்ளுபெல்லா டப்பாவை அவன் முன்னால் வைத்தாள். அவன் கொப்பரைத் துண்டுகளை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டே வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

நான் அவனை விடவில்லை. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புக்குச் சிறப்பு விருந்தினராக இழுத்துக்கொண்டு போனேன். இருபத்தாறு வருஷத்தில் என் பாடத்துக்கு நான் காட்டிய ஒரே நேரடிச் சான்று அவன்தான். மைசூரில் யாரை மேடை ஏற்றினாலும் சால்வை போட்டு, பழக்கூடை கொடுத்து, தலையில் மைசூர் பேட்டா வைத்துவிடுவார்கள். எங்கள் நிலையத்தில் ஒரே ஒரு பேட்டா இருந்தது. எல்லாப் பிரமுகருக்கும் அதே தலைப்பாகைதான், விழா முடிந்ததும் திரும்ப வாங்கி பீரோவில் வைத்துவிடுவோம். அண்ணாவுக்கு அது காது வரை இறங்கியது. கோட்டும் டையும் மேலே ஜரிகைத் தலைப்பாகையுமாக அவன் நின்றபோது, நாடகத்தில் வேஷம் மாறிப் போட்ட ராஜா மாதிரி இருந்தான். நான் அதையும் மைக்கில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணாவும் சிரித்தான்.

இருபது வருஷம் பழசான கன்னடத்தில் அரை மணி பேசினான். பனி, சாலைகள், அங்கே பால் வாங்கும் விதம். கம்பெனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் கவனத்தில்கூட அது பட்டது. அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

வகுப்பு கலைந்த பிறகு ஒரு மாணவர் மட்டும் நின்றார். நாற்பது வயதிருக்கும். ஹனூர் பக்கம் விவசாயக் குடும்பம், நஞ்சன்கூட்டுக்கு அருகில் ஒரு நூல் மில்லில் டைம் கீப்பர். எங்கள் வகுப்பில் தமிழ் பேசுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் எனக்கு அவரைத் தெரியும். நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் அண்ணாவிடம் போனார்.

“ஏனுங்க சார், அந்த டை கட்டுன மனுசன உங்களுக்கு நெசமாவே தெரியுமுங்களா?”

“தெரியும்” என்றான் அண்ணா.

“அவுருக்கு வேல கெடச்சுதுங்களா?”

“இன்னும் இல்லை.”

“பாடத்துல தெக்க போயிட்டாருன்னு போட்டிருக்குதுங்களே.”

“அப்படியா போட்டிருக்கு?” என்று அண்ணா என் பக்கம் ஒரு தடவை பார்த்தான். நான் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

அந்த மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நானுந்தானுங்க. மில்லு பூட்டி நாலு மாசமாச்சு. தெனமும் காலையில சோத்து டப்பாவ எடுத்துக்கிட்டு ஊட்ட உட்டுப் பொறப்பட்டர்றனுங்க. ஊட்ல சொல்லலீங்க. அரமனைப் பக்கம் பார்க்குல உக்காந்துக்குவேன். இந்த வாத்தியாரு பாடத்தத்தான் படிப்பேன்.”

“பார்க்குல உட்காராதீங்க” என்றான் அண்ணா. அவ்வளவு நேரம் மேடையில் பேசிய குரல் இல்லை அது. “மழை வந்தா எழுந்திருக்கணும், தெரிஞ்சவங்க கண்ணுல படணும். லைப்ரரிக்குப் போங்க. அங்கே யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. பதினோரு மணிக்கு மட்டும் இடம் மாத்தி உட்காருங்க. ஒரே நாற்காலியிலே உட்கார்ந்தா முகம் மனசுல நின்னுடும். அப்புறம் அந்த லைப்ரேரியன் அம்மா தானா வந்து, என்ன தேடறீங்க, உதவி வேணுமான்னு கேட்பா. அதுதான் தாங்காது.”

இது எதுவும் கடிதத்தில் இல்லை. பதினோரு மணியும், நாற்காலி மாற்றுவதும், அந்த அம்மாவும்.

டஸ்டரோடு நின்றேன். எதிரே பலகையில் ‘அமெரிக்கா: வாய்ப்புகளின் நாடு’ என்று அன்றைக்காக யாரோ வண்ணச் சாக்பீஸால் எழுதியது பாதி அழிந்திருந்தது.

“அவுரு ஊருக்கே வந்தர்லாமில்லீங்க?” என்று கேட்டார் ஹனூர்க்காரர்.

“கேட்டுப் பார்த்தார்” என்றான் அண்ணா. “படிச்சவங்க, விவரம் தெரிஞ்சவங்க, வேண்டாம்னு சொல்லிட்டாங்க.”

அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

பேட்டாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தோம். தேவராஜ மார்க்கெட் வழியாக வந்தோம். பழக்கூடை அவன் கையில். பூக்கடை வரிசையில் ஒரு கூலியாள் மூட்டையோடு இடித்துவிட்டு, “ஸைடு சார், ஸைடு” என்று போனான். அண்ணா ஒதுங்கி நின்று, ஒன்றும் அவசரமில்லாதவன் போல மல்லிகை அளப்பதைப் பார்த்தான். அவன் திரும்பிப் போக இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இங்கேயே இருந்துவிடு என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் என்றுதான் அவன் அவ்வளவு தூரம் வந்திருந்தான். அந்த யாராவது நான்தான். அந்த நிமிஷம் அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பின்னால் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை.

“மாடி ரூம்ல இப்போ யார் இருக்கா?” என்று கேட்டான், மல்லிகையைப் பார்த்தபடியே.

“என் புஸ்தகங்கள்” என்றேன். “வாடகையும் கொடுக்கறதில்லை, காலி பண்ணவும் மாட்டேங்கறதுகள்.”

அண்ணா சிரித்தான். நல்ல தமாஷுக்குச் சிரிக்கிற மாதிரியே சிரித்தான். “ஹௌதா, அப்படியா? கஷ்டம்தான்” என்றான். பழக்கூடையைக் கை மாற்றிக்கொண்டு நடந்தான்.

வாழ்க்கை முழுவதும் கஷ்டமான இடம் வரும்போதெல்லாம் ஒரு வேடிக்கைப் பேச்சைப் போட்டுத் தாண்டியவன் நான். பத்திரிகைகளில் அப்படி எழுதி நாலு பேர் பாராட்டியும் இருக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் வாய்க்கு ஒன்றும் வராமல் போயிருக்கலாம்.

அடுத்த நாள் மத்தியானம் என் மனைவி வந்து, “ஏன்னா, அண்ணா மாடியிலே ஜன்னல் கொக்கியைச் சரி பண்ணிண்டிருக்கார்” என்றாள். அதற்கடுத்த நாள் அங்கே ஒழுகிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் வாங்கி வந்தான். புத்தகங்களை ஒரே சுவரோரமாக அடுக்கினான். ஒரு கட்டில் போடும் அளவு இடம் கிடைத்தது.

“அவருக்கு இங்கேயே இருந்துடணும்னு இருக்கோ என்னமோ” என்றாள் என் மனைவி. “நீங்க ஒரு வார்த்தை கேக்கப்படாதா?”

“லீவு முடிஞ்சா போய்த்தானே ஆகணும்.”

“லீவா?” என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள். “மன்னியோட கடுதாசி ரெண்டு வருஷமா எப்படி இருக்குன்னு பாக்கறேளா? ஏதோ ஒரு ஆபீஸ்ல பகல் பூரா டைப் அடிக்கறேன்னு எழுதறா. அவர் வேலையிலே இருந்தா அவ எதுக்கு டைப் அடிக்கணும்?”

அந்தக் கடிதங்களை நானும் படித்திருந்தேன். பெண்கள் வேலைக்குப் போவது பற்றிப் பதினாறாம் பாடத்தில் ஒரு பத்தி சேர்த்திருந்தேன்.

ஏன் கேட்கவில்லை? கேட்டால், எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். நான் பிறந்ததிலிருந்து அவன் எனக்கு மூத்தவன். அந்த ஒரு நாற்காலியையும் அவனிடமிருந்து பிடுங்குவதா என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். இது மேலோட்டமான காரணம், கௌரவமாக இருப்பதால் முதலில் எழுதுகிறேன். அடியில் இன்னொன்று இருந்தது. அவன் திரும்பி வந்து மாடி ரூமில் இருந்தால் நான் யாருடைய தம்பி? அக்ரஹாரத்தில் காய்கறிக்காரன்கூட என்னிடம் அமெரிக்காவில் இப்போது மழையா என்று விசாரிப்பான். நான் பதில் சொல்வேன். அந்தச் சில்லறை மரியாதையை இழக்கத் தயாராக இல்லாமல் ஒன்பது நாள் ஓட்டினேன்.

பத்தாம் நாள் காலை பெங்களூர் ரயில். ஜன்னலோர இடம். நான் பிளாட்பாரத்தில் நின்றேன்.

“அண்ணா” என்றேன்.

“சொல்லுடா.”

“கம்பெனியிலே எல்லாம் சௌக்கியம்தானே?”

அவன் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளினான். “ஓடிண்டிருக்கு” என்றான். பிறகு, “மாடி ஜன்னலை மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவை பெயிண்ட் அடிச்சுடு, கட்டை ஊதிடும்” என்றான். ரயில் நகர்ந்தது. அவன் கையசைத்தான், நானும் அசைத்தேன்.

அந்த வருஷப் பரீட்சை முடிந்து விடைத்தாள் திருத்தும் முகாம் நடந்தது. ‘அமெரிக்கத் தொழில் வட்டாரங்களின் சரிவைத் தக்க உதாரணத்துடன் விளக்குக’ என்ற கேள்விக்குப் பதினைந்து மதிப்பெண். திருத்தும் விதிகளையும் நானே எழுதியிருந்தேன்: காரணங்களுக்கு எட்டு, விளைவுகளுக்கு மூன்று, பாடத்தில் உள்ள உதாரணத்துக்கு நான்கு. எங்கள் மாணவர்கள் எதைப் புரிந்துகொள்ளாவிட்டாலும் மனப்பாடம் செய்வதில் குறை வைக்கமாட்டார்கள். முதல் கட்டில் நாற்பது தாள். நாற்பதிலும் அண்ணா இருந்தான். உருண்டைக் கையெழுத்தில், சாய்ந்த கையெழுத்தில், பச்சை மையால் அடிக்கோடு போட்டு, கன்னடத்திலும் தப்புத் தப்பான ஆங்கிலத்திலும் டை கட்டிக்கொண்டு கிளம்பினான், கையுறையோடு ரொட்டி தின்றான். ஒருவர் ரொட்டியை விட்டுவிட்டார், அரை மதிப்பெண் குறைக்க வேண்டும். ஒருவர் கடவுள் அருளால் அவருக்கு அரசாங்க வேலை கிடைத்தது என்று முடித்திருந்தார். நான் சிவப்புப் பேனாவால் அண்ணாவுக்கு நாலுக்கு மூன்றரை, நாலுக்கு மூன்று என்று போட்டுக்கொண்டே போனேன்.

இரண்டாம் நாள் ஒரு தாள் வந்தது. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். கன்னடத்தில் எழுதியிருந்தது. காரணங்கள் பாடத்தில் உள்ளபடி. உதாரணம் வந்த இடத்தில், “பாடத்தில் எழுதியிருப்பது சரியல்ல. இந்த மனிதர் தெற்கே போகவில்லை. இவரை நான் பார்த்தேன். இவர் நம் ஊர்க்காரர். இவரை இவருடைய வீட்டார் கூப்பிடவில்லை. நான் என் வீட்டில் சொல்லிவிட்டேன். முதல் இரண்டு நாள் அழுதார்கள், பிறகு எனக்கு மூன்று வேளையும் சாப்பாடு போட்டார்கள்” என்று இருந்தது.

விதிப்படி, பாடத்தில் இல்லாத உதாரணத்துக்கு மதிப்பெண் இல்லை. நான் நாலு போட்டேன். பக்கத்து மேஜைக்காரர் எதற்கோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைப்பது போலக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து அண்ணாவுக்கு எழுதினேன். வேடிக்கை ஒன்றும் சேர்க்கவில்லை. எனக்குத் தெரியும் என்று எழுதினேன். அந்த இரண்டு பக்கத்தை எழுதியதற்கு மன்னித்துவிடு என்று எழுதினேன். மாடி ரூம் காலி, மன்னியும் குழந்தையும் வந்தாலும் இடம் இருக்கிறது, வா. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சின்னக் கட்டுரை அதுதான். என் மனைவி வாங்கிப் படித்துவிட்டு, தானே போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. உறையில் வேறு ஊர், வேறு மாநிலம். ஏப்ரலிலேயே வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே வந்துவிட்டார்களாம்; என் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய் அலைந்து வந்திருக்கிறது. ஒரு பெரிய கிடங்கில் சரக்கு வருவதையும் போவதையும் பார்க்கும் வேலை. டிராயிங் கிடையாது. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிக்கும் குறைவு, ஆனால் குளிர் இல்லை. பெண் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள், அவளை இன்னொரு தடவை இடம் மாற்ற மனசு வரவில்லை என்று எழுதியிருந்தான். மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள். “வரேன்னு எழுதியிருக்காரா?”

கடைசி வரியை மறுபடி படித்தேன். வருகிறேன் என்றும் எழுதவில்லை, வரமாட்டேன் என்றும் எழுதவில்லை. கூப்பிட்டதற்கு ரொம்ப சந்தோஷம், எல்லோருக்கும் எங்கள் ஆசீர்வாதம் என்று இருந்தது. தூரத்து உறவில் கல்யாணப் பத்திரிகை வந்தால் போக முடியாதவர்கள் எழுதும் பதில்.

“இல்லை” என்றேன்.

அடுப்பைத் தணிக்கும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை.